சி மொழியை ரப்பர் ஷீட் கணக்கில் தொடங்கலாம்

குலசேகரம் பக்கம் இருக்கிற என் அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் முதல் வருஷத்திலேயே சி பாடம் வந்துவிட்டது. வீட்டில் லேப்டாப் கிடையாது. நான் இருப்பது நாகர்கோவிலில், நினைத்தபோதெல்லாம் போக முடியாது. அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவள் தன் போனில் தட்டுவாள். "மாமா, எந்த பிராக்கெட்? வளைஞ்சதா, நெளிஞ்சதா, சதுரமா?" என்று முதல் இரண்டு நாளும் பிராக்கெட்டிலேயே போயிற்று.

இந்தக் கட்டுரையும் அந்த போன் பேச்சு மாதிரிதான். புரோகிராம் வரிகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் தட்ட வேண்டியது நீங்கள். நான் 'இன்ட்' என்றால் ஐ, என், டி. 'பிரின்ட்எஃப்' என்றால் பிரின்ட் என்ற சொல்லோடு ஒட்டி ஒரு எஃப். எல்லாமே சின்ன எழுத்து, ஏனென்றால் சி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகத்தான் பார்க்கும். காப்பி பேஸ்ட் பண்ண வழி இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், கை பழகுவதற்கு இதுதான் நல்லது.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தால் இருபது புரோகிராம் முத்து முத்தாக எழுதியிருக்கும், ஆனால் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் ஆள் திணறிவிடும். ஓடுகிற புரோகிராமை மட்டுமே பார்த்துப் பழகியதால் வந்த வினை. அதனால் இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் ஓட வைப்போம், அப்புறம் வேண்டுமென்றே ஓர் இடத்தில் உடைப்போம். உடைத்தால் என்ன சத்தம் வருகிறது என்று தெரிந்துகொண்டவருக்குப் பரீட்சை ஹாலிலும் கை நடுங்காது.

முதலில் கம்பைலர்

சி என்பது 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி. யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதற்காக வளர்ந்தது. இன்றைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பெரும்பாலும் சி-தான், இப்போது பலரும் படிக்கிற பைத்தான் மொழியை ஓட்டும் புரோகிராமும் சி-யில் எழுதியதுதான். வரலாறு இவ்வளவு போதும்.

நாம் எழுதுவது வெறும் எழுத்து. அதை மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். எதில் வைத்துக்கொள்வது?

போன் மட்டும் இருக்கிறதா, டெர்மக்ஸ் என்ற ஆப் போதும். எஃப்-டிராய்ட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அதைத் திறந்து 'பிகேஜி இன்ஸ்டால் கிளாங்' என்று தட்டினால் கிளாங் என்ற கம்பைலர் வந்துவிடும். டவர் சரியில்லாத இடமென்றால் வைஃபை கிடைக்கிற இடத்தில் வைத்துச் செய்யுங்கள், கொஞ்சம் பெரிய டவுன்லோடு. எழுதுவதற்கு நானோ என்ற எடிட்டரையும் அதே மாதிரி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். இதில் ஒரு பொறி உண்டு: ஃபைலை போனின் பொது டவுன்லோடு ஃபோல்டரில் வைத்தால் கம்பைல் ஆகி வந்த புரோகிராமை அங்கிருந்து ஓட்ட விடாது, 'பெர்மிஷன் டினைட்' என்று சொல்லும். டெர்மக்ஸ் திறந்ததும் நிற்கிற ஹோம் ஃபோல்டரிலேயே வேலை பாருங்கள். எங்களுக்கு ஒரு ராத்திரி இதிலேயே போனது.

விண்டோஸ் லேப்டாப் என்றால் கோட் பிளாக்ஸ் எளிது. இறக்கும்போது பெயரில் 'மிங்டபிள்யூ' என்று இருக்கிற பெரிய ஃபைலை எடுங்கள், சின்ன ஃபைலில் எடிட்டர் மட்டும்தான் இருக்கும், கம்பைலர் இருக்காது. ஃபைலின் பெயர் புள்ளி சி என்று முடிய வேண்டும். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால் 'கணக்கு.சி.டெக்ஸ்ட்' என்று சேமித்துவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. உபுண்டு (அதுவும் லினக்ஸ்தான்) வைத்திருப்பவர்களுக்கு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே வரியில் ஜிசிசி என்ற கம்பைலர் வந்துவிடும்.

சில லேப்களில் இன்னமும் நீலத் திரை டர்போ சி வைத்திருக்கிறார்கள். லேப் தேர்வுக்கு அதில்தான் செய்ய வேண்டுமென்றால் செய்துவிட்டுப் போங்கள், வீட்டில் மட்டும் புதிய கம்பைலரில் படியுங்கள். காரணம் பின்னால் ஒரு கணக்கில் தானே தெரியும்.

முதல் ஆறு வரி

# இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>
இன்ட் மெயின்(வாய்ட்)
{
    பிரின்ட்எஃப்("வணக்கம்\என்");
    ரிட்டர்ன் 0;
}

முதல் வரியில் வருவது ஸ்டாண்டர்டு இன்புட் அவுட்புட் என்பதன் சுருக்கம்: எஸ், டி, டி, ஐ, ஓ. 'ஸ்டூடியோ' என்று தட்டாதவர்களே கிடையாது, என் மருமகளும் தட்டினாள், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கம்பைலர் கையை விரித்துவிட்டது. பிரின்ட்எஃப் என்ற கட்டளையை நாம் எழுதவில்லை அல்லவா, அது எப்படிப்பட்டது என்ற விவரம் இந்த ஃபைலில் இருக்கிறது. மெயின் என்பதுதான் புரோகிராம் தொடங்கும் வாசல், வாய்ட் என்றால் 'ஒன்றுமில்லை'. ரிட்டர்ன் 0 என்றால் 'வேலை ஒழுங்காக முடிந்தது' என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவது. பேக்ஸ்லாஷ் என் வந்தால் அடுத்த வரிக்குப் போகும்.

பழைய நோட்ஸ்களில் வாய்ட் மெயின் என்று இருக்கும். அதை இன்ட் மெயின் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு டெர்மக்ஸில் 'கிளாங் -டபிள்யூஆல் கணக்கு.சி -ஓ கணக்கு' என்று ஒரு வரி, பிறகு './கணக்கு' என்று ஒரு வரி. டபிள்யூஆல் என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. அதைப் போட்டால்தான் 'இது தப்பில்லை, ஆனால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' வகை எச்சரிக்கைகளைக் கம்பைலர் சொல்லும். புதிதாகப் படிப்பவர் அது இல்லாமல் கம்பைல் செய்யவே கூடாது என்பது என் கட்சி. உபுண்டுவில் கிளாங் என்ற இடத்தில் ஜிசிசி, மற்றதெல்லாம் அப்படியே.

ஓடிவிட்டதா? சரி, இனி உடைப்போம். பிரின்ட்எஃப் வரியின் செமிகோலனை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். எர்ரரில் ஃபைல் பெயரை ஒட்டி இரண்டு எண்கள் வரும், முதல் எண் எத்தனையாவது வரி, இரண்டாவது அந்த வரியில் எத்தனையாவது இடம். சில கம்பைலர்கள் அடுத்த வரியைக் காட்டும், அதாவது செமிகோலன் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே போய், வராது என்று உறுதியான இடத்தில் நின்று கத்தும். ஆகவே காட்டுகிற வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தின வரியைப் பாருங்கள். அடுத்து, கடைசி நெளிந்த பிராக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அப்புறம் பிரின்ட்எஃப்பில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். பத்து எர்ரர் வந்தாலும் முதல் எர்ரரை மட்டும் சரி செய்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், மீதி பலதும் அதன் குட்டிகளாகத்தான் இருக்கும்.

பெட்டிகளும் அவற்றின் அளவும்

எங்கள் அத்தானுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பால் வெட்டி, ஷீட் அடித்து, உலர்த்தி, கொஞ்சம் சேர்ந்ததும் கடையில் போடுவார். பேச எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கைத்தான், ஏனென்றால் அக்காவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்ட் எடை = 12;
இன்ட் ரேட் = 180;
இன்ட் தொகை = எடை * ரேட்;
பிரின்ட்எஃப்("%டி ரூபாய்\என்", தொகை);

இன்ட் என்றால் முழு எண் வைக்கிற பெட்டி. சமக்குறி இங்கே 'சமம்' என்று பொருள் தராது, வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்துப் பெட்டியில் போடு என்பதுதான். பிரின்ட்எஃப்புக்குள் சதவீதக் குறியும் டி-யும் (இன்ட்டில் வருகிற டி அல்ல, 'டெசிமல்' என்பதன் முதல் எழுத்து) சேர்ந்து வந்தால் 'இந்த இடத்தில் ஒரு முழு எண்ணை நிரப்பு'. 2160 என்று வரும்.

பெட்டிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்து எடை, ரேட், தொகை என்று தமிழ் எழுத்திலேயே தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும், கிளாங்கும் ஏற்கும். இன்ட், ரிட்டர்ன் மாதிரி மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். லேப் தேர்வில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இனி அளவு. இன்றைய கம்பைலர்களில் இன்ட்டுக்கு 4 பைட், கிட்டத்தட்ட 214 கோடி வரை பிடிக்கும். சரியாகச் சொன்னால் 2147483647. டர்போ சி-யில் இன்ட்டுக்கு 2 பைட்தான், 32767-ஐத் தாண்டாது. அத்தான் 200 கிலோ சேர்த்து வைத்து 180 ரூபாய்க்குப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம், 36000 ரூபாய். அதே புரோகிராம் டர்போ சி-யில் -29536 என்று காட்டும். 36000-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், வரும். ஷீட் கொண்டு போட்டவர் கடைக்காரருக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன்பட்ட கதைதான். எர்ரர் வராது, எச்சரிக்கையும் இல்லாமல் போகலாம், தப்பான விடை மட்டும் தைரியமாக வந்து நிற்கும். நான் படித்த காலத்தில் லேபில் இப்படி ஒரு மைனஸ் வந்து, ஃபார்முலாவையே மாற்றி மாற்றி எழுதி ஒரு மத்தியானத்தைத் தொலைத்தேன். பெட்டி சின்னது என்று யாரும் சொல்லவில்லை.

புள்ளி வைத்த எண்ணுக்கு டபுள். 8 பைட், ஏறத்தாழ 15 இலக்கம் வரை நம்பலாம். அச்சடிக்கும்போது % போட்டு எஃப், இரண்டு தசம இடம் போதுமென்றால் %.2எஃப். ஃப்ளோட் என்று ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஓர் எழுத்துக்கு சார், அதற்கு 1 பைட்.

உடைக்க வேண்டியது: 37 / 3 என்ன வருகிறது என்று பாருங்கள். 12. மீதியைக் காற்றில் விட்டுவிடும், ஏனென்றால் இரண்டு பக்கமும் முழு எண். 37 / 3.0 என்று போட்டால்தான் 12.33 வரும், அதையும் டபுள் பெட்டியில் வாங்க வேண்டும், எஃப் போட்டு அச்சடிக்க வேண்டும். வெட்டிப் போட்ட மீதி மட்டும் வேண்டுமென்றால் 37 % 3, விடை 1. இன்னொன்று, எந்த மதிப்பும் போடாமல் 'இன்ட் ரேட்;' என்று மட்டும் எழுதிவிட்டு அதை அச்சடித்துப் பாருங்கள். 0 வரும் என்று நினைப்போம், சில சமயம் வரவும் செய்யும், ஆனால் முன்பு அந்த இடத்தில் கிடந்த குப்பையும் வரலாம்.

அணை நிறையும்போது

வெளியிலிருந்து எண் வாங்க ஸ்கேன்எஃப்: ஸ்கேன்எஃப்("%டி", &அடி); அந்த & குறியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது பாயின்டர் வரும்போது தெரியும். விட்டுவிட்டால் -டபிள்யூஆல் எச்சரிக்கும், அதையும் மீறி ஓட்டினால் பெரும்பாலும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று புரோகிராம் விழுந்துவிடும். ஒருமுறை விட்டு, விழ வைத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் நம்ம மாவட்டத்தில் பேப்பரைத் திறந்தால் முதலில் பார்ப்பது பேச்சிப்பாறை எத்தனை அடி என்பதைத்தான். முழுக் கொள்ளளவு 48 அடி. ஓர் எச்சரிக்கைப் புரோகிராம் எழுதுவோம். எல்லை எண்கள் நான் சும்மா வைத்தவை, நீர்வளத்துறை வைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

இஃப் (அடி >= 46)
    பிரின்ட்எஃப்("திறக்கப் போகிறார்கள்\என்");
எல்ஸ் இஃப் (அடி >= 42)
    பிரின்ட்எஃப்("கவனமாக இருங்கள்\என்");
எல்ஸ்
    பிரின்ட்எஃப்("பயமில்லை\என்");

இதை மூன்று விதமாக உடையுங்கள். முதலாவது, 42-ஐ அதன் செய்தியோடு மேலேயும் 46-ஐ அதன் செய்தியோடு கீழேயும் மாற்றிப் போட்டு 47 கொடுத்துப் பாருங்கள். அணை நிரம்பித் ததும்பினாலும் 'கவனமாக இருங்கள்' என்றுதான் சொல்லும், ஏனென்றால் மேலிருந்து பார்த்துவந்து முதலில் பொருந்துகிற இடத்தில் நின்றுவிடும். இரண்டாவது, எப்போதும் எல்லையிலேயே சோதியுங்கள்: 41, 42, 43. >= போட வேண்டிய இடத்தில் > போட்டால் 42-இல் மட்டும் மாட்டிக்கொள்ளும், 30 கொடுத்தும் 47 கொடுத்தும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாவதுதான் பெரிய ஆள். 'சமமா?' என்று கேட்க இரட்டைச் சமக்குறி போட வேண்டும். 'இஃப் (அடி == 48)' என்பதை 'இஃப் (அடி = 48)' என்று எழுதிவிட்டால் கம்பைலர் எர்ரர் சொல்லாது. ஒற்றைச் சமக்குறி 48-ஐப் பெட்டியில் போட்டுவிடும், 48 என்பது 0 இல்லை, 0 அல்லாத எதுவும் சி-க்கு 'ஆம்'. கோடையில் வறண்டு கிடக்கிற அணையும் நிரம்பிவிட்டதாகவே வரும், அதோடு உங்கள் உண்மையான அளவும் அழிந்துபோயிருக்கும். எச்சரிக்கை என்று ஒன்று வரும், அதைப் படிக்காமல் தள்ளிவிடுபவருக்கு விடிகிறவரை வேலைதான்.

இஃப் வரியின் கடைசியில் பழக்க தோஷத்தில் செமிகோலன் போடுவதும் உண்டு. போட்டால் இஃப் அங்கேயே முடிந்துவிட்டது, கீழே உள்ளது எப்போதும் நடக்கும்.

ஏழு நாள் கணக்கு, ஒரு மழை வாரம்

ஒரு வாரத்துக்கு ஏழு எடை. ஏழு பெட்டி தனித்தனியாக வேண்டாம், வரிசையாக ஒட்டிய ஏழு அறை: இன்ட் எடை[7], இதற்குப் பெயர் அர்ரே. முதல் அறையின் எண் 0, கடைசி அறை 6. எடை[7] என்று ஓர் அறை கிடையாது, அடுத்த வீட்டு நிலம் அது.

இன்ட் மொத்தம் = 0, நாள் = 0;
ஃபார் (இன்ட் ஐ = 0; ஐ < 7; ஐ++)
{
    ஸ்கேன்எஃப்("%டி", &எடை[ஐ]);
    மொத்தம் = மொத்தம் + எடை[ஐ];
    இஃப் (எடை[ஐ] > 0)
        நாள்++;
}
பிரின்ட்எஃப்("சராசரி %டி\என்", மொத்தம் / நாள்);

ஃபாருக்குள் மூன்று பகுதி: எங்கே தொடங்க, எதுவரை போக, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என்ன செய்ய. நாள்++ என்றால் அதில் ஒன்று கூட்டு. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, அந்த நாளுக்கு 0 கொடுக்கலாம், சராசரியில் அந்த நாள் சேராது. 4 5 0 6 5 0 4 என்று கொடுத்தால் மொத்தம் 24, வெட்டிய நாள் 5, சராசரி 4 என்று வரும். 4.8 எங்கே போனது என்று கேட்பவர் மேலே 37-ஐ 3-ஆல் வகுத்ததை மறந்துவிட்டார்.

இதிலே ஒரு வேடிக்கை நடந்தது. வடகிழக்குப் பருவமழை விடாமல் அடித்த வாரம், அவள் ஏழு நாளுக்கும் 0 கொடுத்துவிட்டாள். 'சராசரி 0 மாமா' என்றாள். அதே ஏழு 0-வை நான் லேப்டாப்பில் உபுண்டுவில் கொடுத்தால் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்று புரோகிராம் செத்து விழுந்தது. புள்ளி வைத்த எண்ணே இல்லாத புரோகிராமில் ஃப்ளோட்டிங் பாயின்ட் எங்கிருந்து வந்தது? 0-ஆல் வகுத்தால் வருகிற பழைய பெயர் அது, முழு எண் வகுத்தலுக்கும் அதே பெயரைத்தான் லினக்ஸ் சொல்கிறது. சரி, அவள் போன் ஏன் சாகவில்லை? போனில் இருப்பது ஏஆர்எம் வகை சிப், அது முழு எண்ணை 0-ஆல் வகுக்கச் சொன்னால் சத்தமில்லாமல் 0 தந்துவிடும். என் லேப்டாப்பின் இன்டெல் சிப் அதை ஏற்காமல் நிறுத்திவிடும்.

யார் சரி? இரண்டுமே. 0-ஆல் வகுத்தால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் விதி வரையறுக்கவே இல்லை, எது நடந்தாலும் விதிப்படி சரிதான். இல்லாத எடை[7]-இல் எழுதினாலும் அப்படியே: ஐ < 7 என்பதை ஐ <= 7 என்று மாற்றி ஓட்டுங்கள், ஒரு மெஷினில் சாதாரணமாக ஓடும், இன்னொன்றில் பக்கத்துப் பெட்டியின் மதிப்பு மாறிப்போகும், வேறொன்றில் விழும். 'என் மெஷினில் ஓடியது சார்' என்று லேபில் சொல்வது சி-யைப் பொறுத்தவரை ஒரு சாட்சியே இல்லை. உபுண்டுவில் இருப்பவர்கள் கம்பைல் வரியில் '-ஜி -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்' என்று சேர்த்துக்கொண்டால், இப்படி வேலி தாண்டுகிற பெரும்பாலான இடங்களை ஓடும்போதே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அவளுக்கு நான் சொன்ன திருத்தம் சாதாரணம்தான்: வகுப்பதற்கு முன் 'இஃப் (நாள் == 0)' என்று பார்த்து, 'இந்த வாரம் வெட்டு இல்லை' என்று எழுதிவிடு.

ஜெராக்ஸும் ஒரிஜினலும்

திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைத் தனியாகப் பெயர் வைத்து எழுதினால் ஃபங்ஷன். ரேட் ஐந்து ரூபாய் ஏறியது என்று வைத்து ஒன்று எழுதச் சொன்னேன்.

வாய்ட் உயர்த்து(இன்ட் ர)
{
    ர = ர + 5;
}

மெயினில் ரேட் 180. உயர்த்து(ரேட்); என்று கூப்பிட்டுவிட்டு அச்சடித்தால் இன்னும் 180-தான். இந்த இடத்தில் எல்லோரும் முழிப்பார்கள். ஃபங்ஷனுக்குப் போவது ரேட் அல்ல, ரேட்டின் ஜெராக்ஸ். தாலுகா ஆபீசில் கொடுத்த ரேஷன் கார்டு ஜெராக்ஸில் அவர்கள் பேனாவால் திருத்தினால் வீட்டில் இருக்கிற கார்டு மாறுமா?

ஒரிஜினல் மாற வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது என்ற விலாசத்தைக் கொடுக்க வேண்டும். & என்றால் 'இதன் விலாசம்'. விலாசத்தை வைத்திருக்கிற பெட்டிக்குத்தான் பாயின்டர் என்று பெயர். அந்த விலாசத்துக்குப் போய் அங்கே இருப்பதைத் தொட வேண்டுமென்றால் முன்னால் * போட வேண்டும்.

வாய்ட் உயர்த்து(இன்ட் *ர)
{
    *ர = *ர + 5;
}

கூப்பிடுவது: உயர்த்து(&ரேட்); இப்போது 185. ஸ்கேன்எஃப் ஏன் & கேட்டது என்று இப்போது புரியும். அது உங்கள் பெட்டிக்குள் எண்ணைக் கொண்டுவந்து போட வேண்டிய ஆள், விலாசம் இல்லாமல் எங்கே போடும்? & விட்டுப்போனபோது பெட்டிக்குள் கிடந்த ஏதோ ஓர் எண்ணை விலாசமாக நினைத்துக்கொண்டு அங்கே போய்க் கதவைத் தட்டியது, இயங்குதளம் பிடித்து வெளியே தள்ளியது. செக்மென்டேஷன் ஃபால்ட் அதுதான்.

பெருக்கல் போக *-க்கு இன்னும் இரண்டு வேலை இருப்பதுதான் குழப்பம். 'இன்ட் *ர' என்று அறிவிக்கும் இடத்தில் 'ர ஒரு விலாசப் பெட்டி' என்று பொருள், வேலை நடக்கிற வரியில் 'அந்த விலாசத்தில் இருப்பது' என்று பொருள். பேப்பரில் இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறி போட்டுப் படியுங்கள். பாயின்டருக்கு விலாசம் கொடுக்காமல் * போட்டுவிட்டால் மறுபடியும் அதே கதிதான்.

ஊர்ப்பெயரை வைக்க எவ்வளவு இடம்?

சி-யில் சொற்களுக்கென்று தனி வகை கிடையாது, சார் அறைகளின் வரிசைதான். முடிவு எங்கே என்று தெரிய கடைசியில் 0 மதிப்புள்ள ஓர் அறை இருக்கும். குலசேகரம் என்பதை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுகிறபடி எண்ணினால் 12 எழுத்து, ஆகவே 13 அறை வேண்டும். 12 அறை மட்டும் கொடுத்து அறிவித்தாலும் சி ஏற்றுக்கொள்ளும், முடிவுக்கான 0-வை விட்டுவிடும். பிரின்ட்எஃப் அதைத் தேடி அடுத்தடுத்த இடத்துக்குப் போய் ஊர்ப்பெயருக்குப் பின்னால் குப்பை எழுத்துகளைக் கொட்டலாம். செய்து பாருங்கள், நன்றாக இருக்கும்.

'நாகர்கோவில்' என்று தமிழில் எழுதி, எஸ்டிஆர்லென் என்ற நீளம் பார்க்கிற ஃபங்ஷனில் கொடுத்தால் 6 வராது, 33 வரும். நாம் 6 எழுத்து என்று படிப்பதை யூனிகோடு 11 துண்டாக வைத்திருக்கிறது (ந, ஆ-வின் கால், க, ர, புள்ளி என்று போகும்), ஒவ்வொரு துண்டுக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. தமிழ்ப் பெயருக்கு இடம் ஒதுக்கும்போது தாராளமாக ஒதுக்குங்கள்.

பெயர் வாங்க கெட்ஸ் என்று பழைய நோட்ஸில் இருந்தால் அடித்துவிடுங்கள். எத்தனை அறை இருக்கிறது என்று பார்க்காமல் கொட்டும் என்பதால் 2011-இல் வந்த சி11 தரத்தில் அதை மொழியை விட்டே எடுத்துவிட்டார்கள். எஃப்கெட்ஸ் அறை எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளும். ஆனால் நாம் தட்டிய என்டரையும் சேர்த்து உள்ளே வைக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

அத்தான் உட்கார்ந்து தட்டியபோது

இவ்வளவும் மூன்று வாரம் ஆயிற்று, ராத்திரி அரை மணி நேரம் வீதம். இடையில் கரண்ட் போன நாட்களும் உண்டு. புரோகிராம் நன்றாக ஓடுகிறது என்று அப்பாவிடம் கொடுத்தாள். அவர் முதல் எடையாக 5.5 என்று தட்டினார். உடனே, மீதி ஆறு எடையைக் கேட்கவே கேட்காமல் புரோகிராம் ஏதோ ஒரு பெரிய எண்ணைச் சராசரியாகக் காட்டி முடிந்துவிட்டது.

இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். ஸ்கேன்எஃப் முழு எண் தேடியது, 5-ஐ எடுத்துக்கொண்டது, '.5' வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்த சுற்றில் புள்ளியைப் பார்த்ததும் 'இது எண் இல்லை' என்று ஸ்கேன்எஃப் திரும்பிவிட்டது, அடுத்த சுற்றும் அப்படியே. எடை[1]-இலிருந்து எடை[6] வரை எதுவுமே நிரம்பாமல் பழைய குப்பையைத்தான் கூட்டியிருக்கிறது. ஸ்கேன்எஃப் தான் எத்தனை மதிப்பை வெற்றியாக வாங்கியது என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும், ஒன்று கேட்டால் 1 வர வேண்டும், வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்று அவளே தேடிப் படித்து, 'இஃப் (ஸ்கேன்எஃப்("%டி", &எடை[ஐ]) != 1)' என்று மாற்றியிருந்தாள்.

அதோடு, எடையை கிலோவில் வாங்காமல் கிராமில் வாங்குகிற மாதிரியும் செய்துவிட்டாள், முழு எண்ணாகவே இருக்கட்டும் என்று. இப்போது அத்தான் தராசைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு எடையையும் மனசுக்குள் ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டபுளுக்கு மாற்றித் தரச் சொல்லி நச்சரிக்கிறார், செமஸ்டர் முடியட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.